ஒரே பார்டிஷனுக்கு நாலு எண்களா? கெர்னல் சாதன எண்ணை எப்படி வைத்திருக்கிறது

#1 நிரல்நேசன்

லினக்ஸில் டிஸ்க் தாமதத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவி. பிளாக் அடுக்கின் டிரேஸ்பாயிண்டில் (கெர்னல் தன் நிகழ்வுகளை வெளியே சொல்லும் இடம்) வரும் டெவ் புலத்தையும், சாதனக் கோப்பை ஸ்டாட் செய்தால் கிடைக்கும் எஸ்டி_ஆர்டெவ் (சாதன எண்) மதிப்பையும் ஒப்பிட்டு, எந்தக் கோரிக்கை எந்தப் பார்டிஷனுக்குப் போனது என்று சொல்ல வேண்டும். எஸ்டிஏ, எஸ்டிபி இருக்கும் மெஷினில் பெயர்கள் சரியாக வருகின்றன. நிறைய என்விஎம்இ டிஸ்க் உள்ள சர்வரில் குழப்பம். ஒரே பார்டிஷனுக்குக் கிடைப்பவை இவை:

எல்எஸ்பிஎல்கே (டிஸ்க் பட்டியல் கட்டளை), மேஜர்:மைனர் வடிவில், அதாவது எந்த டிரைவர்:அதில் எந்தச் சாதனம்: 259:291
ஸ்டாட் தரும் முழு எண்: 1114915
டிரேஸ்பாயிண்ட் தரும் முழு எண்: 271581475
ஸ்டாட் எண்ணை மேஜர், மைனர் மேக்ரோக்களில் போட்டால் என் கருவி அச்சிடுவது: 4355:35

பைட் வரிசைப் பிரச்சினையா, ஸ்ட்ரக்ட் பேடிங்கா? டிரேஸ் எண்ணை அதே மேக்ரோவில் போட்டால் இன்னும் மோசம். கெர்னல் 6 வரிசை, 64 பிட் எக்ஸ்86.

#2 பிட்வரிசை

பைட் வரிசையும் இல்லை, பேடிங்கும் இல்லை. அந்த இரண்டு முழு எண்களும் 259:291-தான். கெர்னலுக்குள்ளே ஒரு அடுக்கு, சிஸ்டம் கால் வாசலுக்கு வெளியே வேறொரு அடுக்கு. உங்கள் மேக்ரோ இரண்டையும் சேராத மூன்றாவது அடுக்கை வைத்துப் பிரிக்கிறது.

கெர்னலுக்குள் சாதன எண் 32 பிட். மேல் 12 பிட் மேஜர், கீழ் 20 பிட் மைனர். நடுவில் எந்த வித்தையும் கிடையாது:

உள் எண் = (மேஜர் << 20) | மைனர்
259 × 1048576 + 291 = 271581475

டிரேஸ்பாயிண்டில் வருவது இதுதான். அந்த டிரேஸ்பாயிண்டின் ஃபார்மட் கோப்பைத் திறந்து பாருங்கள், அச்சிடும் வரியிலேயே 20 பிட் வலது நகர்த்தல் வெளிப்படையாக எழுதியிருக்கும்.

யூசர் ஸ்பேஸுக்கு வரும்போது கெர்னல் அதைக் கலைத்து வேறு மாதிரி அடுக்குகிறது. மைனரின் கீழ் 8 பிட் அடியில், அதன் மேல் மேஜரின் 12 பிட், மிச்சம் இருக்கும் மைனர் 12 பிட் உச்சியில்:

வெளி எண் = (மைனர் & 255) | (மேஜர் << 8) | ((மைனர் & ~255) << 12)

உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தால் 291 & 255 = 35. 259 << 8 = 66304. மீதி 256 << 12 = 1048576. கூட்டினால் 1114915. ஸ்டாட் சொன்னதும் அதுவே.

பிரிக்க:

மேஜர் = (எண் >> 8) & 4095
மைனர் = (எண் & 255) | ((எண் >> 12) & 1048320)

4355 எப்படி வந்தது? 1114915 >> 8 = 4355, 1114915 & 255 = 35. அதாவது 16 பிட் காலத்து 8:8 அடுக்காக நினைத்து, முகமூடி (தேவையற்ற பிட்டுகளை வெட்டும் மாஸ்க்) கூடப் போடாமல் பிரித்திருக்கிறது. நீங்கள் சேர்த்திருப்பது லினக்ஸ் தலைப்புக் கோப்பான கேடெவ்_டி-தானே? அதில் பெரிய எழுத்தில் இருக்கும் மேஜர், மைனர் மேக்ரோக்கள் யூசர் ஸ்பேஸ் நிரலுக்குக் கொடுப்பது அந்தப் பழைய 8:8-ஐத்தான். கெர்னல் மூலத்தில் அதே பெயருள்ள மேக்ரோ 12:20. பெயர் ஒன்று, வேலை இரண்டு. இதைத் தொடவே வேண்டாம். ஜிலிப்சியில் (சி நூலகம்) சிறிய எழுத்தில் உள்ள மேஜர், மைனர், மேக்டெவ் மூன்றும் சிஸ்மேக்ரோஸ் தலைப்பில் இருக்கின்றன, அவை சரி.

#3 கருவறை_நிரல்

கூடுதலா ஒண்ணு. சிஸ்மேக்ரோஸ் தலைப்பை நேரடியா இன்க்ளூட் பண்ணுங்க. முன்னாடி டைப்ஸ் தலைப்பு வழியா அது தானா உள்ளே வந்துடும். ஜிலிப்சி 2.25-ல எச்சரிக்கை கொடுக்க ஆரம்பிச்சாங்க, 2.28-ல அந்த வழியை எடுத்தே விட்டாங்க. பழைய நிரலைப் புது மெஷினில் கட்டும்போது லிங்க் கட்டத்துல "மேஜர் என்ற சிம்பல் இல்லை"ன்னு வந்தா காரணம் இதுதான். அப்படி வந்ததும் கையில கிடைச்ச கேடெவ்_டி-யை இன்க்ளூட் பண்ணி கம்பைலரை அமைதிப்படுத்துறவங்க உண்டு. அமைதியாயிடும், எண்தான் தப்பா வரும்.

#4 நிரல்நேசன்

ஆமாம், கேடெவ்_டி-தான். மாற்றியதும் ஸ்டாட் பக்கம் 259:291 வந்துவிட்டது. அப்படியானால் எஸ்டிஏ மெஷினில் எல்லாம் சரியாகத் தெரிந்தது எப்படி? அந்த நடு 8 பிட் ஏற்பாடும் வினோதமாக இருக்கிறது. கெர்னல் தன் 12:20-ஐயே அப்படியே வெளியே கொடுத்திருக்கலாமே?

#5 பிட்வரிசை

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றே.

2.4 வரை சாதன எண் 16 பிட்தான், மேஜர் 8, மைனர் 8. இது ஆதி யூனிக்ஸிலிருந்து வரும் பழக்கம். 2003 டிசம்பரில் வந்த 2.6.0-இல் 32 பிட் ஆனது. அந்த நேரத்தில் உலகம் முழுக்க டிஸ்க்குகளில், ஆர்க்கைவ்களில், கம்பைல் ஆகிப்போன நிரல்களில் பழைய 16 பிட் எண்கள் பதிந்து கிடந்தன. எஸ்டிபி1 என்றால் 8:17, அதன் பழைய எண் 8 × 256 + 17 = 2065. புது வெளி அடுக்கில் கணக்குப் போடுங்கள், அதே 2065. மேஜரும் மைனரும் 255-க்குள் இருக்கும் எந்தச் சாதனத்துக்கும் பழைய எண்ணும் புது எண்ணும் ஒன்றே. மைனரை இரண்டாக வெட்டி மேஜரை நடுவில் செருகியது இதற்காகத்தான். 12:20-ஐ நேராக வெளியே விட்டிருந்தால் 2065 என்று பதிந்திருந்த ஒவ்வொரு எண்ணும் 0:2065 ஆகியிருக்கும்.

அதனால் 8:8 மேக்ரோவும் எஸ்டிபி1-க்குச் சரியான விடை சொல்லும். எஸ்சிஎஸ்ஐ டிஸ்க் டிரைவருக்கு 8, 65 முதல் 71, 128 முதல் 135 என 16 மேஜர்கள், டிஸ்க் ஒன்றுக்கு 16 மைனர். ஆக முதல் 256 டிஸ்க் வரை எதுவும் 255-ஐத் தாண்டாது. 257-ஆவது டிஸ்க்கில்தான் மேல் மைனர் பிட்டுகள் உயிர்பெறும். என்விஎம்இ வந்து உட்காரும் 259 என்பது பிளாக் அடுக்கின் நீட்டிப்பு மேஜர். 259 என்ற எண்ணே 8 பிட்டுக்குள் அடங்காது. உங்கள் மேக்ரோ முகமூடி போடாததால் மைனர் 255-ஐத் தாண்டும்போதுதான் உடையும், முகமூடி போட்டால் முதல் பார்டிஷனிலேயே உடையும்.

முகமூடி போட்டு 8:8 பிரிப்பவர்கள் கதை இன்னும் மோசம். (1114915 >> 8) & 255 = 3. ஆக 3:35. மேஜர் 3 பழைய ஐடிஇ-யின் முதல் சேனல். 4355-ஐப் பார்த்தால் சந்தேகமாவது வரும், 3:35 நம்பும்படி இருக்கும்.

#6 தடமறிவான்

டிரேஸ் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. 271581475-ஐ ஜிலிப்சி மேக்ரோவில் போட்டால் 1:66339 வரும். பிளாக் மேஜர் 1 என்றால் ராம் டிஸ்க். அந்த எண்ணை 20 பிட் நகர்த்தியும் 1048575 முகமூடி போட்டும் கையால்தான் பிரிக்க வேண்டும். ஈபிபிஎஃப் நிரலில் (கெர்னலுக்குள் ஓடும் சின்ன நிரல்) கெர்னல் ஸ்ட்ரக்டிலிருந்து நேராக எடுக்கும் எந்த டெவ் மதிப்பும், ஐநோடின் (கோப்பின் விவரப் பதிவு) ஐ_ஆர்டெவ் ஆகட்டும், சூப்பர்பிளாக்கின் எஸ்_டெவ் ஆகட்டும், உள் அடுக்குதான். கிராஷ் டம்பிலும் அதே.

சோதனை எழுதும்போது டிஎம்பிஎஃப்எஸ் கோப்பை வைத்து எஸ்டி_டெவ் ஒப்பிடாதீர்கள். டிஸ்க் இல்லாத கோப்பமைப்புகளுக்கு கெர்னல் மேஜர் 0 கொடுத்து ஒரு மைனரை ஒதுக்கும். 0:45 என்றால் உள்ளேயும் 45, வெளியேயும் 45, பழைய 16 பிட்டிலும் 45. எந்தப் பிழையும் வெளியே வராது. மௌண்டுகள் பெருகி மைனர் 255-ஐத் தாண்டிய அன்றைக்குத்தான் தெரியும். நிறைய கண்டெய்னர் ஓடும் மெஷினில் அந்த நாள் சீக்கிரம் வரும்.

#7 வட்டெழுத்து

டிஸ்க்கில் எழுதும்போது எந்த அடுக்கு? எக்ஸ்ட்4-இல் சாதனக் கோப்புக்கு டேட்டா பிளாக் கிடையாதே, எண் எங்கே போகிறது?

#8 கோப்படுக்கு

இதுதான் இந்த விஷயத்திலேயே சுவையான பகுதி. ஒவ்வொரு கோப்பமைப்புக்கும் தனி வழக்கம்.

எக்ஸ்ட் குடும்பத்தில் டேட்டா பிளாக் முகவரிகளுக்கான 15 இடங்களில் எண்ணைப் போடுகிறார்கள். சாதனக் கோப்புக்கு அந்த இடங்கள் எப்படியும் காலி. ஆதி யூனிக்ஸும் ஐநோடின் முதல் முகவரி இடத்தில்தான் வைத்தது. மேஜர், மைனர் இரண்டும் 255-க்குள் இருந்தால் முதல் இடத்தில் பழைய 16 பிட் எண். இல்லையென்றால் முதல் இடத்தில் 0, இரண்டாம் இடத்தில் புது 32 பிட் எண். படிக்கும்போது முதல் இடம் 0 இல்லை என்றால் பழைய முறை, 0 என்றால் இரண்டாம் இடம். 2.4 காலத்து கெர்னல் அந்த டிஸ்க்கை ஏற்றினாலும் சின்ன எண் கொண்ட சாதனங்கள் சரியாகத் தெரியும்.

ஓவர்லே கோப்பமைப்பில் அழித்த கோப்பைக் குறிக்க 0:0 என்ற கேரக்டர் சாதனம் போடுவார்கள். அதற்கு இரண்டு இடமுமே 0. படித்தால் 0:0 வரும், முரண்பாடு இல்லை. டீபக் கருவியில் பார்த்துவிட்டு "ஐநோட் பாழாகிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள்.

எக்ஸ்எஃப்எஸ் ஐரிக்ஸிலிருந்து வந்தது, ஆகவே சிஸ்டம் ஃபைவ் அடுக்கு: மேஜர் 14 பிட், மைனர் 18 பிட். பெரிய முனை முதலில் வரும் 32 பிட்டாக எழுதுகிறது. 259:291 அங்கே 259 × 262144 + 291 = 67895587. அது உங்களுக்கு ஐந்தாவது எண்! மைனர் 18 பிட்தான் என்பதால் 262143-க்கு மேல் மைனர் கொண்ட சாதனத்தை எக்ஸ்எஃப்எஸ்-இல் எம்கேநாட் செய்ய (சாதனக் கோப்பை உருவாக்க) முடியாது, ஈ-இன்வால் பிழை வரும். மேஜரும் 14 பிட் இருந்தாலும் 511-க்கு மேல் அனுமதிப்பதில்லை. நடைமுறையில் இது இடிக்காது, கெர்னலே மேஜரை 511-உடன் நிறுத்திக்கொள்கிறது.

பிடிஆர்எஃப்எஸ் 64 பிட் இடத்தில் கெர்னலின் உள் 12:20 எண்ணை அப்படியே எழுதிவிடுகிறது. என் பார்வையில் இது சோம்பேறித்தனம், உள் அமைப்பு டிஸ்க்கில் போய் உறைந்துவிட்டது. ஆனால் அதே கோப்பமைப்பின் சென்ட் ஓடையில் (வேறிடத்துக்கு நகலெடுக்க அனுப்பும் தரவு) வெளி அடுக்குதான் போகும். டிஸ்க்கை நேராகப் படிக்கும் கருவியும் சென்ட் ஓடையைப் படிக்கும் கருவியும் ஒரே சார்பை வைத்துக்கொண்டால் ஒன்றில் தப்பு வரும்.

#9 வட்டெழுத்து

ஆர்க்கைவ்களிலும் இதே கூத்தா?

#10 கோப்படுக்கு

அங்கே புத்தியோடு செய்திருக்கிறார்கள். யூஸ்டார் (டார் ஆர்க்கைவ் வடிவம்) தலைப்பில் மேஜருக்கு ஒரு புலம், மைனருக்கு ஒரு புலம், தனித்தனியே எண்மத்தில். 7 இலக்கம் என்றால் 2097151 வரை, 20 பிட் மைனர் சௌகரியமாக அடங்கும். சிபிஐஓ-வின் நியூசி வடிவத்திலும் இரண்டு தனிப் புலங்கள், ஒவ்வொன்றும் 8 பதினாறடிமான இலக்கம். இனிட்ராம்எஃப்எஸ் அந்த வடிவம்தான். பழைய பைனரி சிபிஐஓ மட்டும் 16 பிட் எண் ஒன்றோடு நிற்கிறது, அதில் 259 போகாது. என்எஃப்எஸ் 3-ம் வலையில் இரண்டு 32 பிட் எண்களாகவே அனுப்பும்.

#11 சுருள்நிரல்

இவ்வளவு குழப்பத்துக்கு எதற்கு எண்? ஃப்ரீபிஎஸ்டி பாருங்கள், டெவ்எஃப்எஸ் வந்த பிறகு எண்ணுக்கு அர்த்தமே இல்லை. டிரைவர் பெயரைப் பதிந்தால் கோப்பு தானே முளைக்கிறது. லினக்ஸ் மட்டும் 1970-களின் சுமையை இழுத்துக்கொண்டு திரிகிறது. யூடெவ் (சாதனப் பெயர்களைக் கவனிக்கும் நிரல்) இருக்கிறது, பெயரை வைத்து ஒப்பிடுங்கள், வேலை முடிந்தது.

#12 பிட்வரிசை

ஃப்ரீபிஎஸ்டி பற்றிச் சொன்னது சரி. பெயரை வைத்து ஒப்பிடுவது லினக்ஸில் நடக்காது. டிரேஸ்பாயிண்டில் பெயர் வராது, எண்தான் வரும். சிகுரூப் (செயல்களுக்கு வள வரம்பு வைக்கும் வசதி) ஐஓ.மேக்ஸ் கோப்பில் எழுத வேண்டியது 8:16 போன்ற ஜோடி, அதுவும் முழு டிஸ்க்கின் ஜோடி. பார்டிஷன் ஜோடியைக் கொடுத்தால் ஈ-நோடெவ். சிஸ்எஃப்எஸ்-இல் டெவ்/பிளாக் கீழே 259:291 என்ற பெயரிலேயே இணைப்பு இருக்கிறது, அதைப் பின்தொடர்ந்தால் பார்டிஷனின் பெயர், டிஸ்க், எல்லாம் கிடைக்கும். நிரல்நேசனுக்கு அதுவே போதும்: எந்த முழு எண் வந்தாலும் வாசலிலேயே ஜோடியாகப் பிரித்து, உள்ளே ஜோடியாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். முழு எண்ணை ஹாஷ் டேபிளின் சாவியாகப் போட்டதால்தான் இந்தக் கேள்வியே வந்தது.

ஸ்டாட்எக்ஸ் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கெர்னல் 4.11, ஜிலிப்சி 2.28 முதல் இருக்கிறது. அதில் மேஜரும் மைனரும் தனித்தனி 32 பிட் புலங்கள், பிரிக்கும் வேலையே இல்லை.

#13 கருவறை_நிரல்

ஜோடியா வர்ற இடத்துலயும் ஒரு குழி இருக்கு. மௌண்ட்இன்ஃபோ 8:17-னு பத்தடிமானத்துல எழுதும். ப்ராக் கீழ இருக்குற மேப்ஸ் கோப்பும் லாக்ஸ் கோப்பும் அதையே 08:11-னு பதினாறடிமானத்துல எழுதும். ரெண்டையும் ஸ்ட்ரிங்கா ஒப்பிட்டா பொருந்தாது. மோசம் என்னன்னா 08:11 பத்தடிமானத்துலயும் செல்லுபடியான ஜோடி, எஸ்டிஏ11. பார்சர் தப்பே சொல்லாது.

கெர்னல் கட்டளை வரியில ரூட்= போடும்போதும் ஜோடி இல்லாம ஒரே எண்ணா கொடுத்தா அதைப் பதினாறடிமானமா எடுத்துக்கும், வெளி அடுக்குல பிரிக்கும். 811-னா 8:17.

#14 தடமறிவான்

அதே ரகத்தில் இன்னொன்று, ப்ராக் கீழே ஒவ்வொரு செயலுக்கும் இருக்கும் ஸ்டாட் கோப்பின் டிடிஒய் புலம். அதிலும் வெளி அடுக்கு. சூடோ டெர்மினல் 300 என்றால் 136:300, எண் 1083436. அதை 255 முகமூடியால் வெட்டும் ஸ்கிரிப்ட் 44 என்று சொல்லும். பிடிஎஸ் 44 வேறொருவருடைய உயிருள்ள டெர்மினலாக இருக்கலாம். அந்த விடையை வைத்துச் செய்தி அனுப்பினாலோ செஷனை மூடினாலோ அடி வாங்குவது அவர். 2.4-இல் 300-ஆவது டெர்மினல் 137:44 ஆக இருந்தது, அதனால் பழைய ஸ்கிரிப்டுகளில் "136-ஐக் கழி, 256-ஆல் பெருக்கு" என்று ஒரு கணக்கும் தென்படும். இன்றைக்கு அது பயனில்லை.

#15 இயக்கி_பயில்பவன்

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். கேரக்டர் டிரைவர் எழுதுகிறேன். 300 சேனல் உள்ள கார்டு. ரெஜிஸ்டர்_சிஆர்டெவ் 0 மேஜரோடு அழைத்தால் எண் கிடைக்கிறது. ஆனால் மைனர் 256-க்கு எம்கேநாட் வெற்றி, ஓப்பன் செய்தால் "அப்படி ஒரு சாதனமோ முகவரியோ இல்லை". 255 வரை வேலை செய்கிறது.

#16 கருவறை_நிரல்

தம்பி, அந்தச் சார்பு எப்பவும் 0 முதல் 255 வரை, 256 மைனரைத்தான் பதியும். பழைய காலத்து இடைமுகம். அலாக்_சிஆர்டெவ்_ரீஜன் கூப்பிட்டு எண்ணிக்கை 300 கொடுங்க, பிறகு சிடெவ்_இனிட், சிடெவ்_ஆட். சிடெவ்_ஆடுக்கும் அதே 300 கொடுக்கணும், அங்க 1-னு விட்டுட்டு மறுபடி இதே பிழையோட வர்றவங்க ஏராளம்.

எம்கேநாட் வெற்றி பெறுறதுக்கும் டிரைவருக்கும் சம்பந்தமில்ல. அது ஐநோடுல ஒரு எண்ணை எழுதுது, அவ்வளவுதான். ஓப்பன் பண்ணும்போதுதான் கெர்னல் எண்ணை வச்சு டிரைவரைத் தேடும். பிழையைப் பார்த்தே இடத்தைச் சொல்லிடலாம்:

எம்கேநாட்டுலயே ஈ-பெர்ம்: எம்கேநாட் அதிகாரம் இல்ல, யூசர் நேம்ஸ்பேஸ் கண்டெய்னர்ல இது சகஜம். 0:0 கேரக்டர் சாதனம் மட்டும் 5.8 முதல் விலக்கு, ஓவர்லேக்காக.
ஓப்பன்ல ஈ-அக்சஸ்: கோப்பு உரிமை, அதுவும் சரியா இருந்தா மௌண்டுல நோடெவ்.
ஓப்பன்ல ஈ-பெர்ம்: பெரும்பாலும் சிகுரூப் சாதன விதி.
ஈ-என்எக்ஸ்ஐஓ: அந்த எண்ணுக்கு யாரும் பதியல. உங்க கேஸ்.
ஈ-நோடெவ்: மேஜருக்கு ஆள் இருக்கு, அவருக்கு அந்த மைனர் தெரியல. மேஜர் 10, மிஸ்க் சாதனங்கள்ல இதைப் பார்க்கலாம்.

தானா கிடைக்கிற மேஜரை நம்பி ஸ்கிரிப்ட்ல எழுதி வைக்காதீங்க. கெர்னல் 254-ல இருந்து 234 வரை கீழ இறங்கி காலியிடம் தேடும், அதுவும் தீர்ந்தா 511-ல இருந்து 384 வரை. மாட்யூல் ஏறுற வரிசை மாறினா எண்ணும் மாறும்.

#17 சுருள்நிரல்

அதைத்தான் நானும் சொன்னேன், எண்ணை நம்பாதீர்கள் என்று. 259-இன் கீழ் மைனர் ஒதுக்கும் விதமும் அப்படியே. டிஸ்க்கைப் பிடுங்கினால் அதன் மைனர் காலியாகும், அடுத்து வரும் டிஸ்க் அதை எடுத்துக்கொள்ளும். நிரல்நேசனின் கருவி ஜோடியை நினைவில் வைத்திருக்கும்போது ஹாட்பிளக் நடந்தால் பழைய டிஸ்க்கின் தாமதம் புது டிஸ்க்கின் கணக்கில் ஏறும்.

#18 பிட்வரிசை

இந்த வாதம் நியாயமானது. ஓடும் நேரத்தில் ஜோடிதான் சாவி, ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. கெர்னல் 5.15 முதல் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் டிஸ்க்சீக் என்று ஏறுவரிசை எண் சிஸ்எஃப்எஸ்-இல் கிடைக்கிறது, மெஷின் மறுபடி பூட் ஆகும் வரை அது திரும்ப வராது. ஜோடியோடு அதையும் வைத்து, யூடெவ் நிகழ்வு வந்ததும் சரிபார்க்கலாம். பூட் தாண்டியும் நிற்க வேண்டிய பதிவுக்கு யூயூஐடி அல்லது பை-ஐடி இணைப்பு.

#19 நிரல்நேசன்

ஸ்டாட்எக்ஸ் + டிரேஸ் பக்கம் 20 பிட் பிரிப்பு என்று மாற்றிவிட்டேன். சாவி இப்போது மேஜர், மைனர், டிஸ்க்சீக். இரண்டு மெஷினிலும் பெயர்கள் பொருந்துகின்றன. சோதனைக்கு 0:45, 8:17, 259:291 வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது?

#20 தடமறிவான்

136:300 சேருங்கள், மேஜர் சின்னது, மைனர் பெரியது. கடைசியாக 4095:1048575. உள் அடுக்கிலும் வெளி அடுக்கிலும் எல்லா பிட்டும் 1, அதாவது 4294967295. எங்காவது குறியுள்ள 32 பிட் இன்ட்டில் அதை வைத்திருந்தால் −1 ஆகும், அதை 64 பிட் டெவ்_டி-க்கு மாற்றும்போது குறி நீண்டு ஜிலிப்சியின் மேஜர் 4294967295 என்று சொல்லும். ஜிலிப்சியின் 64 பிட் அடுக்கில் மேஜரின் மேல் 20 பிட் உச்சியில் இருப்பதால் இப்படி. அந்த விடை வந்தால் எங்கோ ஒரு அன்சைன்ட் விட்டுப்போயிருக்கிறது.